மாத்திரையின் மேல் ஏன் இந்தப் பழி?

குளுவாங் வட்டாரத் தோட்டமொன்றில் நடந்தது இது. தோட்டத்தின் பெயரோ, குடும்பத்தின் பெயரோ வேண்டாம். பத்தொன்பது வயதுப் பெண். மூன்று மாதம் வராது. வந்தால் பதினைந்து நாளானாலும் நிற்காது. ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்த டாக்டர் 21 மாத்திரை கொண்ட அட்டை ஒன்றை எழுதிக் கொடுத்தார். பெண் பார்க்க வந்த வீட்டு அம்மாள் ஒருத்தி, அலமாரி மேல் இருந்த அந்த அட்டையைப் பார்த்துவிட்டாள்.

"இது கட்டுப்பாட்டு மாத்திரையாச்சே! கல்யாணம் ஆகாத புள்ளைக்கு இது எதுக்கு?"

கேட்டதுதான் தாமதம், மறுநாள் விடிவதற்குள் லயம் முழுக்கப் பரவிவிட்டது. சம்பந்தம் நின்றது. அதைவிடக் கொடுமை, பெற்ற தாயே அட்டையைத் தூக்கிக் குப்பையில் போட்டதுதான். சில மாதம் கழித்து அந்தப் பெண் சோகை பிடித்து, நிற்க முடியாமல் விழுந்து, ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

நாம் கேட்கிறோம், அவள் செய்த குற்றம் என்ன?

இந்த மாத்திரையின் கதையை லயத்து வாய்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்க அரசு 1957-இல் இதற்கு முதன்முதலில் அனுமதி கொடுத்தபோது, பிள்ளைப்பேற்றைத் தடுக்க என்று கொடுக்கவில்லை. மாதவிலக்குக் கோளாறுக்கு மருந்து என்றுதான் கொடுத்தது. பிள்ளை தடுக்கும் மருந்தாக அனுமதி கிடைத்தது மூன்று ஆண்டு கழித்து, 1960-இல். (நடுவில் அந்த ஊரில் திடீரென்று ஏராளமான பெண்களுக்கு மாதவிலக்குக் கோளாறு வந்துவிட்டதாம்! அது வேறு கதை.) ஆக, வைத்தியம் மூத்தது, கட்டுப்பாடு இளையது. நாம்தான் தலைகீழாகப் பிடித்துக்கொண்டோம்.

அதற்கும் காரணம் உண்டு. நம் நாட்டில் 1966-இல் சட்டம் போட்டுத் தேசியக் குடும்பத் திட்ட வாரியம் அமைத்தார்கள். குடும்பக் கட்டுப்பாடு என்ற பேச்சோடு சேர்ந்தே மாத்திரையும் நம் மக்களுக்கு அறிமுகமாயிற்று. ஆகவே "மாத்திரை" என்றால் அந்த ஒரே அர்த்தம் மனதில் பதிந்துவிட்டது. 1984-இல் வாரியத்தின் பெயரையே மாற்றிவிட்டார்கள். நம் லயத்துப் பேச்சு மட்டும் மாறவில்லை.

அது என்னதான் செய்கிறது? மாதாமாதம் சினைப்பையிலிருந்து முட்டை வெளிவர வேண்டும். சில பெண்களுக்கு அது ஒழுங்காக வருவதில்லை. அப்போது கர்ப்பப்பையின் உள்சவ்வு கரையாமல் தடித்துக்கொண்டே போகும். ஒருநாள் மொத்தமாக உடைத்துக்கொண்டு ஊற்றும். மாத்திரையில் உள்ள ஹார்மோன் அந்தச் சவ்வைத் தடிக்க விடாது. 21 நாள் சாப்பிட்டு 7 நாள் விட்டால், அந்த இடைவெளியில் அளவோடு ரத்தம் போகும். பல ஆண்டுகள் இப்படிச் சவ்வு தடித்தே கிடந்தால் பிற்காலத்தில் கர்ப்பப்பைப் புற்றுநோய்க்கு வழியாகலாம். இதையும் தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டும். "கல்யாணம் ஆனா தானா சரியாயிடும்" என்று உட்கார்ந்திருப்பது வைத்தியம் அல்ல.

இன்னொரு பயம், மாத்திரை சாப்பிட்டால் மலடாகிவிடும் என்பது. அப்படி ஒன்றும் இல்லை. நிறுத்தினால் கருத்தரிக்கும் சக்தி திரும்பிவிடும். ஆனால் பழைய கோளாறும் கூடவே திரும்பலாம். ஏனென்றால் இந்த மாத்திரை ஒழுங்குபடுத்துமே ஒழிய, வேரைப் பிடுங்காது.

அதனால்தான், பக்கத்து வீட்டு அக்கா சாப்பிடுகிறாள் என்று நீங்களும் மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள் என்கிறோம். காரணம் முதலில் தெரிய வேண்டும். வயதுக்கு வந்த முதல் இரண்டு மூன்று ஆண்டு முன்னே பின்னே வருவது சகஜம். கல்யாணம் ஆனவளுக்கு நாள் தள்ளினால் முதலில் கர்ப்பமா என்று பார்க்க வேண்டும். தைராய்டு கோளாறாக இருக்கலாம், கர்ப்பப்பையில் கட்டியாக இருக்கலாம். உடம்பு பெருத்து, முகத்தில் முடி வளர்ந்து, பருவும் வந்தால் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறா என்று பார்ப்பார்கள். மாதவிடாய் நின்று ஓராண்டு ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சிலருக்கு இந்த மாத்திரை ஆகவே ஆகாது. ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள், காலில் ரத்தம் உறைந்தவர்கள், கண்ணில் மின்னல் வெட்டுவது போல் வந்து ஒற்றைத் தலைவலி பிடிப்பவர்கள், 35 வயதுக்கு மேல் சுருட்டோ சிகரெட்டோ பிடிப்பவர்கள், பச்சைக் குழந்தைக்குப் பால் கொடுப்பவர்கள் எல்லாரும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். காசநோய் மருந்து, காக்காய் வலிப்பு மருந்து சாப்பிடுகிறவர்களும் அப்படித்தான்.

எல்லாக் கட்டுப்பாட்டு முறையும் மாதவிலக்கை ஒழுங்குபடுத்தும் என்று நினைப்பதும் தவறு. மூன்று மாதத்துக்கொரு முறை போடும் ஊசி பலருக்கு நாள் கணக்கையே குழப்பிவிடும். செம்புக் கருவி வைத்தால் சிலருக்குப் போக்கு கூடும். ஹார்மோன் வைத்த கருவி வேறு. அது போக்கைக் குறைக்கும். எனவே மிஸ்ஸியிடம் "எனக்கு வேண்டியது பிள்ளைத் தடுப்பா, நாள் ஒழுங்கா, இரண்டுமா?" என்பதைத் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான்.

வேலைக்காட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. துணி நனைய நனைய உர மூட்டை சுமக்கும் பெண்களை நாம் பார்த்திருக்கிறோம். "மண்டோர் ஆம்பள, அவருகிட்ட எப்படிச் சொல்றது?" என்பார்கள். அவரிடம் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் தரும் எம்.சி. போதும். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், ஐந்தும் அதற்கு மேலும் ஆனால் 22 நாள். இது பிச்சை அல்ல, உரிமை. ஒரு மணிக்கு ஒரு துணி நனைகிற அளவுக்குப் போனாலோ, தலை சுற்றினாலோ பிரட்டுக்குப் போகாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆண்களுக்கும் சொல்கிறோம். மோட்டார் சைக்கிளில் மனைவியையோ மகளையோ கிளினிக்குக்கு ஏற்றிக்கொண்டு போவதில் கௌரவம் குறையாது. மகளின் அட்டையைப் பார்த்து யாராவது வாயெடுத்தால், "டாக்டர் கொடுத்த மருந்து, உனக்கென்ன?" என்று கேட்க வேண்டிய முதல் ஆள் தகப்பன்தான்.

கிளினிக்கில் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியாக எப்போது வந்தது?" என்பது. நம் பெண்கள் "பொங்கலுக்கு முன்னால... இல்ல, பின்னால" என்று தடுமாறுவார்கள். வீட்டுச் சுவரில் குதிரைக் காலண்டர் தொங்குகிறதே, வந்த நாளுக்கு ஒரு புள்ளி, நின்ற நாளுக்கு ஒரு புள்ளி வையுங்கள். 21 நாளுக்குள்ளேயே திரும்ப வந்தாலும், 35 நாளைத் தாண்டிக்கொண்டே போனாலும், எட்டு நாளுக்கு மேல் நிற்காமல் போனாலும் புள்ளிகளே காட்டிக்கொடுக்கும். கிளினிக்குப் போகும் நாளில் அந்தத் தாள்களைக் கிழித்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.