கூரையைப் பார்த்தாயிற்று, தெருவை யார் பார்ப்பது?

இரண்டாமாண்டு இளம் அறிவியல் (இயற்பியல்)

நம் கல்லூரி நண்பர்களிடையே அரசியல் பேச்சுக்குப் பஞ்சமில்லை. சட்டமன்றத்தில் யார் என்ன பேசினார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தன் ஊர் வார்டு உறுப்பினராக இருந்தவர் பெயரைக் கேட்டால் பாதிப்பேர் விழிப்பார்கள். இரவில் நாம் நடந்து வரும் தெருவில் விளக்கு எரிய வேண்டியதும், கழிவுநீர் தேங்காமல் ஓட வேண்டியதும், அரசு தரும் வீடு உரிய ஏழைக்குப் போய்ச் சேர வேண்டியதும் அந்த உறுப்பினர் அமரும் மன்றத்தின் பொறுப்பு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 110-ஆம் பிரிவு, தெருவிளக்கு, வடிகால், ஊர்ச்சாலை, குடிநீர், துப்புரவு ஆகியவற்றை ஊராட்சியின் கடமைகளாக வகுத்துள்ளது. கடமை என்ற சொல்லைக் கவனியுங்கள், சலுகை அன்று. அரசமைப்புச் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் சேர்த்த பதினோராவது அட்டவணையிலுள்ள 29 பொருள்களில் ஊரக வீட்டுவசதியும் ஒன்று. ஆக, வீடும் தெருவும் ஒரே மன்றத்தின் பார்வைக்குள் வருகின்றன. நடைமுறையில் நிகழ்வது என்ன?

வீட்டுத் திட்டங்களுக்குக் குறைவில்லை. 1985-இல் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம், 2010-இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011-இல் சூரிய ஒளி பசுமை வீடு, 2016-இல் பிரதமர் வீட்டுவசதித் திட்டம், 2024-இல் கலைஞர் கனவு இல்லம் என்று அடுத்தடுத்து வந்தன. கனவு இல்லம் 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. எஞ்சிய பகுதிக்கும் தீப்பற்றாத கூரையையே அரசு பரிந்துரைக்கிறது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று கூரைத் தீயில் 94 பள்ளிக் குழந்தைகளைப் பறிகொடுத்த மாநிலம் நமது. கூரையில் இவ்வளவு அக்கறை நியாயமே. அடித்தளம், சுவர், கூரை எனக் கட்டம் கட்டமாகப் புகைப்படம் எடுத்து, வங்கிக் கணக்கில் தவணை செலுத்தும் முறையையும் நான் குறை கூற மாட்டேன். கட்டாத வீட்டுக்குப் பணம் போகாமலிருக்க அது நல்ல வழி. ஆனால் புகைப்படம் கூரையோடு நின்றுவிடுகிறது.

சந்தவாசலிலும் ஆரணிச் சுற்றுவட்டாரத்திலும் வீடு என்பது படுத்து எழும் இடம் மட்டுமன்று, அதுவே தொழிற்கூடம். குழித்தறியில் நெய்பவர் தரைக்குக் கீழே கால்களைத் தொங்கவிட்டு மிதியை மிதிக்கிறார். அந்தக் குழியில் நீர் ஊறினால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். எனவே எங்கள் பகுதியில் வடிகால் என்பது சுகாதாரப் பொருள் மட்டுமல்ல, சோற்றுப் பொருளும்கூட. (360 சதுர அடியில் தறியைப் போட்ட பிறகு எத்தனை பேர் காலை நீட்டிப் படுக்கலாம் என்பதைக் கணக்கில் வல்லவர்கள் சொல்லட்டும்.)

எங்கள் சித்தப்பா குடும்பம் வாழும் ஊரின் பெயர் இங்கு வேண்டாம். அவருக்கு அரசு வீடு கிடைத்தது. எல்லாக் கட்டமும் முடிந்து முழுத் தொகையும் வந்து சேர்ந்தது. பின்னர் தெருவுக்குச் சிமெண்டுச் சாலை போட்டார்கள்; பழைய சாலையைப் பெயர்க்காமல் அதன் மேலேயே போட்டார்கள். வாசற்படியைவிடத் தெரு உயர்ந்துவிட்டது. வீட்டுக் கோப்பில் "பணி முடிந்தது" என்றிருக்கிறது. சாலைக் கோப்பிலும் அப்படியே. சித்தப்பா சொல்வார்: "ரெண்டு கணக்கும் சரியாத்தான் இருக்குது. தண்ணிதான் என் தறிக்குழியில நிக்குது."

இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடியவர் யார்? அந்தத் தெருவிலேயே குடியிருக்கும் வார்டு உறுப்பினரும், அவரைக் கேள்வி கேட்கும் கிராம சபையுமே. தெருவிளக்கும் அவ்வாறே. பெண்கள் பாதுகாப்பைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசுகிறோம். ஆனால் காவல் நிலையம் பல்பு மாற்றாது. மின்கட்டணம் கட்டுவதும் விளக்கைப் பராமரிப்பதும் ஊராட்சி. ஆய்வக வகுப்பு முடிந்து கடைசிப் பேருந்தில் இறங்கும் மாணவிக்கு எந்தக் கம்பத்தில் விளக்கு இல்லை என்பது நன்றாகத் தெரியும். அவளிடம் கேட்பார்தான் இல்லை.

குடியிருப்பவர் சொல்லைக் கேளாததன் விலையை இலண்டன் நகரம் கண்டது. கென்சிங்டன்–செல்சி மன்றத்துக்குச் சொந்தமான கிரென்பெல் என்ற 24 மாடிக் குடியிருப்பு 2017 ஜூன் 14 அன்று எரிந்து 72 பேர் மாண்டனர். தீப்பற்றக்கூடிய பலகைகளை வெளிச்சுவரில் பதித்திருந்தார்கள். பாதுகாப்புக் குறைகளை அங்குக் குடியிருந்தவர்கள் முன்னரே எழுதி எச்சரித்திருந்தனர். நிர்வாகத்தை ஆராய்வதற்கென்றே மன்ற உறுப்பினர்களின் தனிக்குழுக்கள் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நாடு அது! குழு இருந்தது, குடியிருப்பவர் குரல் எட்டவில்லை.

நம்மிடமோ சில காலம் மன்றமே இல்லாமற்போயிற்று. 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. அதில் வென்றவர்களின் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்ததும் நம் திருவண்ணாமலை உள்ளிட்ட 28 மாவட்டங்களில் மீண்டும் தனி அலுவலர் ஆட்சி. வட்டார வளர்ச்சி அலுவலரே தனி அலுவலர். தமிழ்நாட்டில் 12,500 அளவிலான ஊராட்சிகள், 388 ஒன்றியங்கள். ஓர் ஒன்றியத்துக்குச் சராசரி முப்பதுக்கு மேல். முப்பது ஊர்களின் கம்பங்களை ஒருவர் எப்படி எண்ணுவார்? மேலும், ஊராட்சியின் பணிகளை மேலிருந்து பார்வையிட வேண்டிய அலுவலரே ஊராட்சியாகவும் அமர்ந்தால், தேர்வு எழுதுபவரும் விடைத்தாள் திருத்துபவரும் ஒருவராகிவிடுகிறார். ஆய்வகத்தில் ஒருவர் எடுத்த அளவை இன்னொருவர் எடுத்துச் சரிபார்க்கும்படி நம் ஆசிரியர்கள் சொல்வது எதற்காக? முதலாமவர் பொய்யர் என்பதற்காகவா? அந்த அலுவலர் எவ்வளவு நேர்மையானவராயினும் இதே கேள்விதான்.

ஆனால் தேர்தல் நடந்தாலும் நடவாவிட்டாலும் கிராம சபைக்குப் பதவிக்காலம் கிடையாது. ஊரின் வாக்காளர் அனைவரும் அதன் உறுப்பினர்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு, 2022 முதல் மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் சேர்ந்துள்ளன. முதல் நான்கும் நமக்கு விடுமுறை; வகுப்பு இருக்கிறது என்ற சாக்கு செல்லாது. மக்கள்தொகைக்கு ஏற்ப 50 முதல் 300 பேர் கூடினால்தான் கூட்டம் செல்லும். வீட்டுப் பயனாளிகள் பட்டியல் அங்கே ஒப்புதலுக்கு வர வேண்டும். கூரையோடு முடிகிற அந்தக் கணக்கில் வடிகாலையும் வாசற்படி உயரத்தையும் எரியாத கம்பங்களின் எண்ணிக்கையையும் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வரவு செலவு அறிக்கையை உரக்க வாசிக்கும் வேலையாவது என்னைப் போன்றோர்க்கு உரியது என்று நினைக்கிறேன். கூட்டம் முடியுமுன்னே பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தீர்மானத்தைப் பின்னர் எழுதிக்கொள்ளும் வழக்கம் சில இடங்களில் உண்டு என்று கேள்வி. தீர்மானத்தை எழுதி, எல்லோர் காதிலும் விழ வாசித்த பிறகே கையெழுத்துப் போடுவேன் என்று அப்பாவிடம் சொன்னேன். தறியிலிருந்து தலை நிமிராமலே, "மொதல்ல போயி உக்காரு" என்றார்.