டிராக்டர் வாங்கணுமா? முதல்ல வீட்டம்மாகிட்ட கணக்கைக் காட்டுங்க!

2025 செப்டம்பர் 22-ல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது. அடிப்படை விலை 8 லட்ச ரூபாய் என்றால், வரி 96,000-லிருந்து 40,000 ஆகிறது. 56,000 ரூபாய் மிச்சம்! கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்து இளைஞர்களுக்கு ஆசை வர்றதுல ஆச்சர்யமில்ல.

ஆனா, 'வீட்ல ஒத்துக்க மாட்டேங்குறாங்க பாஸ்'னு புலம்புறீங்களா? முன்பணத்துக்காக அடகுக்குப் போறது பெரும்பாலும் அவங்க நகைதானே! 'வருஷத்துல எத்தனை நாள் ஓடும்?'னு அவங்க கேட்டா, அது தடை இல்ல... சரியான கேள்வி.

கரிசல் மண் காய்ஞ்சா பாளம் பாளமா வெடிக்கும்; நனைஞ்சா காலை விடாது. பதமா இருக்கிற சில நாள்தான் உழவுக்குத் தோது. மக்காச்சோளம், உளுந்து, பாசிப்பயறு, பருத்தி என எல்லாம் வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரி. அதனால எல்லாருக்கும் ஒரே சமயத்துல வண்டி வேணும். வாடகை வண்டிக்குக் காத்திருந்தா பதம் போயிடும். சொந்த வண்டி கேட்க இது நியாயமான காரணம். ஆனா, அந்த வாரங்கள் முடிஞ்சா எல்லா வண்டியும் ஒண்ணா சும்மா நிக்கும்.

உதாரணத்துக்கு, 6 லட்சம் கடன், 12 சதவிகித வட்டி, 5 வருஷம்னு வைங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தவணை சுமார் 81,500 ரூபாய். மொத்த வட்டி மட்டுமே 2 லட்சத்துக்கு மேல. வரியில மிச்சமான 56,000 எந்த மூலைக்கு?

டீசல், டிரைவர் கூலி போக மணிக்கு 400 ரூபாய் நிக்குதுன்னாகூட, தவணை கட்டவே வருஷத்துக்கு 400 மணி நேரத்துக்கு மேல ஓடணும். தினம் 8 மணி நேரம்னா, சுமார் 51 நாள். ரிப்பேர் தனி. மழை பொய்ச்சா அதுவும் இல்ல.

அப்போ எப்படிச் சம்மதம் வாங்குறது? கோடை உழவு, கதிரடிப்பு, டிரெய்லர் லோடுனு எந்த மாசம் என்ன வேலைங்கிறதை ரெண்டு பேரும் உட்கார்ந்து எழுதுங்க. 51 நாள் தேறலைன்னா, 'உழவன்' செயலி வழியா வேளாண் பொறியியல் துறை வண்டியை வாடகைக்குக் கேளுங்க.

தேறினா, இன்னொரு விஷயம். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்துல பொதுப்பிரிவு விவசாயிகளுக்கு 40, பெண் விவசாயிகளுக்கு 50 சதவிகிதம் வரை மானியம் இருக்கு (உச்சவரம்பு உண்டு). கடன் பேப்பர்ல கையெழுத்து கேட்கிற நீங்க, ஆர்.சி புத்தகத்துலயும் அவங்க பேரைப் போடலாமே!