பணம் யாருக்குப் போனது என்று சொல்லுங்கள்

நுகர்வோர் ஆணையத்துக்கு மனு டைப் செய்யும்போது முறையீட்டாளரின் பெயர், முகவரி முடிந்ததும் எதிர்தரப்பினரின் பெயர், முகவரி போட வேண்டும். திண்டிவனத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், மனு டைப்பிங் என்று சிறு கடை நடத்துகிறேன். ஆன்லைனில் பொருள் வாங்கி ஏமாந்து என்னிடம் வருகிறவர்களின் மனு பெரும்பாலும் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. பணம் கட்டியது நிச்சயம், ஆதாரமும் போனில் இருக்கிறது. யாருக்குக் கட்டினோம் என்பதுதான் தெரியாது.

மயிலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்தார். பிளவுஸ் தைத்துப் பிழைப்பவர். இன்ஸ்டாகிராமில் ஓவர்லாக் மெஷின் விளம்பரம் பார்த்து, அதிலிருந்த வாட்ஸ்அப் எண்ணில் பேசி, 7,200 ரூபாய் அனுப்பியிருக்கிறார். பார்சல் வந்தது. உள்ளே இருந்தது ஸ்டேப்ளர் மாதிரி கையில் பிடித்து அழுத்துகிற பிளாஸ்டிக் தையல் கருவி. கேட்டதற்கு, "நீங்க ஆர்டர் பண்ணது இதுதான் மேடம்" என்று ஒரு பதில். அதற்குப் பிறகு அந்த எண்ணில் இவரை பிளாக் செய்துவிட்டார்கள்.

"காசு போய்ச் சேர்ந்துடுச்சுண்ணா, பச்சை டிக் இருக்கு பாருங்க" என்று போனை நீட்டினார். திரையில் தேதி, தொகை, 12 இலக்கப் பரிவர்த்தனை எண், இனிஷியலோடு ஒரு பெயர், ஒரு யுபிஐ முகவரி. அவ்வளவுதான். ஊர் இல்லை, தெரு இல்லை, கடைப் பெயர் இல்லை. பார்சல் கவரில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரிலும் கூரியர் குடோனின் விலாசம்தான்.

வங்கிக் கிளையில், "நீங்கதானே பின் நம்பர் போட்டு அனுப்பினீங்க? பணம் சரியாத்தான் போயிருக்கு" என்றிருக்கிறார்கள். செயலியில் புகார் பதிந்தால், பரிவர்த்தனை வெற்றி என்று தானியங்கிப் பதில். காவல் நிலையத்தில், "பொருள்னு ஒண்ணு வந்திருக்கே, இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்றார்கள். கோர்ட்டுக்குப் போகத்தான் அவர் என் கடைக்கு வந்தார்.

இயந்திரம் தவறினால் நமக்குப் பாதுகாப்பு இருக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டது. யுபிஐயில் நம் கணக்கில் பணம் கழிந்து எதிராளி கணக்கில் ஏறாவிட்டால், மறுநாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். கடையில் கட்டிய பணத்துக்கு உறுதிச் செய்தி போய்ச் சேராவிட்டால் 5 நாள் அவகாசம். அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, வாடிக்கையாளர் கேட்காமலேயே கொடுக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் அது வழியில் சிக்கிய பணத்துக்கு மட்டும். பணம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்து, பொருள் வராமல் போனாலோ மோசமாக வந்தாலோ அந்த விதியில் நமக்கு இடமில்லை.

கார்டில் கட்டியவருக்கு சார்ஜ்பேக் உண்டு. பொருள் வரவில்லை என்று தன் வங்கியிடம் எழுதிக் கொடுத்தால், அது வியாபாரியின் வங்கியிடமிருந்து பணத்தைத் திரும்பக் கேட்கும். பிரிட்டனில் 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒருபடி மேலே போய், கிரெடிட் கார்டில் வாங்கிய 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளுக்கு, கார்டு கொடுத்த நிறுவனத்தையும் வியாபாரியோடு சேர்த்துப் பொறுப்பாளி ஆக்கியது. பேபாலில் வாங்குபவர் 180 நாளுக்குள் தகராறு எழுப்பலாம். அந்த நிறுவனம் இந்தியாவின் உள்நாட்டுப் பணப்பரிமாற்றத்தை 2021 ஏப்ரலோடு நிறுத்திக்கொண்டது. யுபிஐயிலும் கடைக் கணக்குக்குப் போன பணத்துக்கு வங்கி மூலம் சார்ஜ்பேக் கேட்க முடியும். தனிநபர் கணக்குக்கு அனுப்பியிருந்தால், பொருள் வரவில்லை என்ற காரணம் அங்கே செல்லாது. விழுப்புரம் மாவட்டக் கிராமத்தில் கிரெடிட் கார்டு வைத்திருப்பவர் எத்தனை பேர்? வாட்ஸ்அப்பில் விற்கும் ஆள் கொடுக்கிற எண் கடைக் கணக்கா, தனிநபர் கணக்கா என்று பார்த்து அனுப்புகிறவர் எத்தனை பேர்?

சட்டம் இவர்களைக் கைவிடவில்லை என்பதுதான் எனக்கு அதிகம் வலிக்கிற இடம். 1986ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில், எதிர்தரப்பு இருக்கிற ஊரிலோ வழக்குக்கான காரணம் எழுந்த ஊரிலோதான் மனு போட முடிந்தது. சூரத்தில் இருக்கிற சேலை வியாபாரி மேல் செஞ்சிக்காரர் வழக்குப் போட வேண்டுமென்றால், செஞ்சியில்தான் காரணம் எழுந்தது என்று முதலில் வாதாடி ஜெயிக்க வேண்டியிருந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சிக்கலை நீக்கியது. முறையீட்டாளர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். திண்டிவனத்துக்காரர் பஸ் ஏறினால் விழுப்புரம். பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம், வீடியோ கான்பரன்சிங்கிலும் ஆஜராகலாம். ஏழை வழக்காடிக்கு இவ்வளவு வசதி செய்து கொடுத்த சட்டங்கள் நம் நாட்டில் குறைவு.

அப்படிப்பட்ட சட்டத்தின் வாசலில் அந்தத் தையல்காரப் பெண் நிற்கிறார். நோட்டீஸ் அனுப்ப விலாசம் இல்லை.

அந்த விலாசம் இல்லாத விலாசம் அல்ல. பணத்தை வாங்கிக்கொண்ட கணக்கைத் திறக்கும்போது ஆதார், பான், போட்டோ எல்லாம் வாங்கித்தான் திறந்திருக்கிறார்கள். 12 இலக்க எண்ணை வைத்து அது எந்த வங்கி, எந்தக் கணக்கு என்று கண்டுபிடித்துவிடலாம். பணம் அனுப்பிய வங்கிக்கும், வாங்கிய வங்கிக்கும், நடுவிலிருக்கிற தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்துக்கும் பாதை தெரியும். தெரியாதவர் பணம் கொடுத்தவர் ஒருவர்தான்.

2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் இதை ஓரளவு யோசித்திருக்கின்றன. பெரிய ஆன்லைன் சந்தைத் தளத்தில் வாங்கியவர் எழுதிக் கேட்டால், விற்றவரின் விலாசத்தையும் தொடர்பு விவரங்களையும் தளம் கொடுத்தாக வேண்டும். தகராறைத் தீர்த்துக்கொள்ள என்ற காரணத்தையும் விதியே சொல்கிறது. ஆனால் எங்கள் ஊர்களில் வாங்கலும் விற்றலும் அந்தத் தளங்களை விட்டு இன்ஸ்டாகிராமுக்கும் வாட்ஸ்அப்புக்கும் இறங்கி வந்துவிட்டது. அங்கே விற்பவரை உண்மையில் அடையாளம் தெரிந்த ஒரே ஆள், பணத்தைக் கடத்திக் கொடுத்த கட்டணச் சேவைதான். ஆகவே அந்தக் கடமையை அதன் மேலும் வைக்க வேண்டும் என்கிறேன்.

இதற்கு வருகிற மறுப்பு நியாயமானது. திண்டிவனத்திலேயே வீட்டிலிருந்து முறுக்கு, மசாலாப் பொடி, நைட்டி விற்கிற பெண்கள் நிறையப் பேர் தங்கள் சொந்த எண்ணில்தான் பணம் வாங்குகிறார்கள். 200 ரூபாய் அனுப்பிய எவனோ ஒருவன் கேட்டதும் அவர்கள் வீட்டு விலாசத்தைக் கொடுத்துவிட முடியுமா? கூடாது. அதனால்தான் விலாசத்தைப் பொருள் வாங்கியவர் கையில் கொடுக்கச் சொல்லவில்லை, ஆணையத்திடம் கொடுக்கச் சொல்கிறேன். மனுவில் எதிர்தரப்பினர் பகுதியில் 12 இலக்க எண்ணை எழுதினால் போதும் என்று விதி வரட்டும். ஆணையம் மனுவைப் படித்து, முகாந்திரம் இருந்தால் வங்கிக்கு எழுதட்டும். வங்கி விலாசத்தை ஆணையத்துக்கு அனுப்பட்டும், நோட்டீஸ் ஆணையத்திலிருந்து போகட்டும். வீட்டில் முறுக்கு சுடுகிற அக்காவுக்கும் இது பாதுகாப்புதான். பொய்ப் புகார் வந்தால் அவர் பதில் சொல்ல ஓர் இடம் இருக்கும்.

இப்போதும் ஒரு சுற்றுவழி உண்டு. சாட்சியை அழைக்கவும் ஆவணத்தைக் கேட்டு வாங்கவும் சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரத்தைச் சட்டம் ஆணையத்துக்கும் கொடுத்திருக்கிறது. அதனால் வங்கியை முதல் எதிர்தரப்பாகப் போட்டு, கணக்குக்காரரின் விவரத்தைத் தர உத்தரவிடும்படி தனி மனுவும் சேர்த்துத் தாக்கல் செய்யலாம். மயிலத்துப் பெண்ணுக்கு நான் அப்படித்தான் டைப் செய்து கொடுத்தேன். ஆனால் வங்கியின் வக்கீல் வந்து, நாங்கள் தேவையில்லாத தரப்பு, எங்கள் சேவையில் குறை இல்லை, எங்களை நீக்குங்கள் என்று வாதாடுவார். 7,200 ரூபாய்க்காக ஒரு தையல்காரர் தையலை விட்டுவிட்டு அந்த வாதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சாதாரண நடைமுறையாக இருக்க வேண்டியதை ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போராடி வாங்க வேண்டுமா?

வங்கிகள் "நீங்கதானே அனுப்பினீங்க" என்பதோடு எப்போதும் தப்பிவிட முடியாது என்பதற்கு உச்ச நீதிமன்றமே சாட்சி. அசாமில் ஒருவர் ஆன்லைனில் வாங்கிய துணியைத் திருப்பி அனுப்ப முயன்றபோது, கஸ்டமர் கேர் என்று பேசிய மோசடிக்காரர் ஒரு செயலியை போனில் இறக்க வைத்து 94 ஆயிரத்துச் சொச்சம் ரூபாயை எடுத்துவிட்டார். 24 மணி நேரத்துக்குள் புகார் செய்தும் பாரத ஸ்டேட் வங்கி பொறுப்பேற்க மறுத்தது. குவாஹாட்டி உயர் நீதிமன்றம் வங்கிதான் கொடுக்க வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு அதை உறுதி செய்தது. அது அனுமதியில்லாமல் எடுத்த பணம், இது தானே அனுப்பிய பணம். வேறுபாடு தெரிந்துதான் சொல்கிறேன். மோசடியைக் கண்டுபிடிக்கும் வசதியும் தகவலும் தன்னிடம் இருக்கும்போது வங்கி கைகழுவக் கூடாது என்ற நியாயம் இரண்டுக்கும் பொருந்தும்.

செய்ய முடியாத காரியம் எதையும் நான் கேட்கவில்லை. முன்பெல்லாம் பணம் அனுப்பும் திரையில் புனைபெயர் காட்டிக்கூட ஏமாற்ற முடிந்தது. வங்கிக் கணக்கில் உள்ள உண்மைப் பெயரைத்தான் காட்ட வேண்டும் என்று தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் உத்தரவு போட்டு, 2025 ஜூன் இறுதியைக் கெடுவாக வைத்தது. அதே திரையில், பின் நம்பர் போடுவதற்கு முன்பே, "இது தனிநபர் கணக்கு, பொருள் வராவிட்டால் சார்ஜ்பேக் கேட்க முடியாது" என்று தமிழில் ஒரு வரி காட்டட்டும்.

விதி வரும்வரை, என் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன். கோபத்தில் வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். விளம்பரத்தை, அது மறைவதற்குள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது ஸ்டிக்கர் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள். முழு மோசடி என்று தெரிந்தால் அந்த நிமிடமே 1930க்குப் போன் செய்யுங்கள், பணம் கணக்கை விட்டுப் போகும் முன் முடக்க வாய்ப்பு உண்டு. பொருளில் தகராறு என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் போகலாம். ஆணையத்துக்கு மனு போட இரண்டு வருடம் வரை அவகாசம் இருக்கிறது.