“எங்கள் பாஷை இந்த ஊர்ப் பாஷை!”

குளிர்காலம். குடியானவர் ஒருவரின் வீட்டு வாசலில் கணக்கெடுக்கும் அதிகாரி வந்து நிற்கிறார். கையில் தாள். பெயரைக் கேட்கிறார்; வயதைக் கேட்கிறார்; மதத்தைக் கேட்கிறார். எல்லாவற்றுக்கும் பதில் வருகிறது. பிறகு, “உங்கள் தாய்மொழி என்ன?” என்று கேட்கிறார்.

மிக எளிய கேள்வி. குழந்தைகூடப் பதில் சொல்லும். ஆனால் அந்தக் குடியானவர் தயங்குகிறார். பிறகு, தம்முடைய பாஷை “இந்த ஊர்ப் பாஷை” என்கிறார். அதிகாரியும் அதையே எழுதிக்கொள்கிறார்.

இப்படிப் பதிவானவர்கள் ஒருவர் இருவர் அல்ல. 7,07,088 பேர்!

இது நடந்த இடம், அன்றைய போலந்தின் கிழக்குக் கோடியில் இருந்த பொலேசியே என்னும் மாகாணம். காலம், 1931-ம் ஆண்டு டிசம்பர் மாதம்.

இன்று அந்த மாகாணம் இல்லை. அதன் பெரும் பகுதி பெலாரஸ் நாட்டில் இருக்கிறது. தெற்கே ஒரு பகுதி உக்ரேனில் இருக்கிறது. ஆனால் அன்று எழுந்த கேள்வி மட்டும் சாகவில்லை. 2022-ம் ஆண்டு பிப்ரவரியில் ரஷ்யா உக்ரேன் மீது படையெடுத்தது. ரஷ்ய மொழி பேசும் மக்களைக் காப்பாற்றப் போகிறோம் என்பது ரஷ்யா சொன்ன காரணங்களில் ஒன்று. இன்ன மொழி பேசுகிறவன் இன்ன நாட்டைச் சேர்ந்தவன் என்ற வாதம் எவ்வளவு தூரம் போகும் என்பதை உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த வாதத்தின் பழைய கதை ஒன்றைப் பொலேசியே சொல்கிறது.

சதுப்பு நிலச் சீமை

பொலேசியே என்றால் காடும் சதுப்பு நிலமும்தான். நடுவே பிரிபெத் என்ற ஆறு ஓடுகிறது. பனி உருகும் காலத்தில் ஆறு கரை புரளும். கிராமங்கள் தீவுகளாகிவிடும். பக்கத்து ஊருக்குப் போகவேண்டுமானாலும் படகுதான். மாட்டையும் வைக்கோலையும்கூடப் படகில்தான் ஏற்றிப் போவார்கள்.

மாகாணத்தின் பரப்பு 36,668 சதுர கிலோமீட்டர். 1931-ல் ஜனத்தொகை 11,31,939. அதாவது ஒரு சதுர கிலோமீட்டருக்கு 31 பேர்தான். அன்றைய போலந்தில் இவ்வளவு குறைவாக ஜனங்கள் வாழ்ந்த மாகாணம் வேறு இல்லை.

பத்து வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வெளியூர் போனவர்கள் குறைவு. உலகம் என்பது அவர்களுக்குத் தங்கள் கிராமமும், அடுத்த கிராமமும், சந்தை கூடும் நகரமும்தான்.

ஒன்பது ஜில்லாக்கள்

போலந்து நாட்டை அண்டை வல்லரசுகள் மூன்றும் 1795-க்குள் முழுவதும் பங்கு போட்டுக்கொண்டன. பொலேசியே ரஷ்யச் சக்கரவர்த்தியின் பங்குக்குப் போயிற்று. 123 ஆண்டுகள் கழித்து, 1918-ல் போலந்து மீண்டும் சுதந்திர நாடாயிற்று. உடனே ரஷ்யப் போல்ஷ்விக் அரசாங்கத்துடன் சண்டை. 1921-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி ரீகா நகரில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன்படி பொலேசியே போலந்துக்குக் கிடைத்தது.

போலந்து அரசாங்கம் நாட்டை மூன்று படிகளாகப் பிரித்து ஆண்டது. மேலே மாகாணம், அதன் கீழ் ஜில்லா, அதன் கீழ் பல கிராமங்கள் சேர்ந்த ‘க்மினா’ என்ற சிறு பிரிவு. மாகாணத் தலைவருக்கு ‘வொயெவோதா’ என்று பெயர். ஜில்லா அதிகாரி ‘ஸ்தரோஸ்தா’.

பொலேசியே மாகாணத்தின் முதல் தலைநகரம் பின்ஸ்க். 1921-லேயே அங்கே பெரும் தீப்பிடித்தது. நகரின் பெரும் பகுதி சாம்பலாயிற்று. அலுவலகங்கள் பிரெஸ்ட் நகருக்கு மாறின. 1930-ம் ஆண்டின் கடைசியில் சார்னி என்ற ஜில்லா தெற்கேயுள்ள வொலீன் மாகாணத்தோடு சேர்க்கப்பட்டது. மிஞ்சியவை ஒன்பது ஜில்லாக்கள்: பிரெஸ்ட், பின்ஸ்க், கொப்ரின், ப்ருஷானா, துரோகிச்சின், கொசூவ், லூனினெத்ஸ், ஸ்தோலின், காமின் கொஷிர்ஸ்கி.

கோடு போட்டுப் பிரிப்பது எளிதாக இருந்தது. கோட்டுக்குள் இருந்தவர்கள் யார் என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

கேள்வி மாறியது, பதிலும் மாறியது

1921-ம் ஆண்டுக் கணக்கில், “நீங்கள் எந்த இனத்தவர்?” என்று கேட்டார்கள். சுமார் 3,75,000 பேர் பெலாரஸ்யர் என்று பதிவானார்கள். சுமார் 1,56,000 பேர் உக்ரேனியர் என்று பதிவானார்கள். “இந்த ஊர்க்காரர்” என்று பதிவானவர்கள் சுமார் 39,000 பேர்தான்.

பத்து ஆண்டுகள் கழித்து 1931-ல் இனம் என்ற கேள்வியே தாளில் இல்லை. தாய்மொழியையும் மதத்தையும் மட்டும் கேட்டார்கள். இப்போது பெலாரஸ்ய மொழி பேசுகிறவர்கள் 75,338 பேர். உக்ரேனிய மொழி பேசுகிறவர்கள் 54,047 பேர். “இந்த ஊர்ப் பாஷை” பேசுகிறவர்களோ ஏழு லட்சத்துக்கு மேல்!

மூன்று லட்சம் பெலாரஸ்யர்கள் எங்கே போனார்கள்? யாரும் எங்கும் போகவில்லை. அதே மக்கள், அதே வீடுகளில், அதே பேச்சைப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். கேள்வி மாறியது. எழுதிக்கொண்ட விதம் மாறியது. அதனால் கணக்கும் மாறிவிட்டது. உக்ரேனியர் குறைந்ததற்குச் சார்னி ஜில்லா பிரிந்ததும் ஒரு காரணம். ஆனால் அது ஒன்றே இவ்வளவு பெரிய மாற்றத்தை விளக்கிவிடாது.

பெயர் இல்லாத பேச்சு

அந்த மக்கள் பொய் சொன்னார்களா? இல்லை. அவர்களுடைய பேச்சு பெலாரஸ்ய மொழிக்கும் உக்ரேனிய மொழிக்கும் இடைப்பட்டது. வடக்கே போகப் போக ஒன்றின் சாயல் கூடும். தெற்கே போகப் போக மற்றொன்றின் சாயல் கூடும். இங்கே ஒரு மொழி முடிந்து அங்கே மற்றொரு மொழி தொடங்குகிறது என்று கோல் நட்டுக் காட்ட முடியாது.

தவிர, ஒரு மொழிக்கு ஒரு பெயர் உண்டு, அந்தப் பெயருக்கு ஒரு தேசம் உண்டு என்பதெல்லாம் பள்ளிக்கூடமும் பத்திரிகையும் சொல்லிக்கொடுக்கும் பாடம். அந்தப் பாடம் சதுப்பு நிலத்துக்குள் இன்னும் போய்ச் சேரவில்லை.

ஆனால் அரசாங்கத்துக்கு இந்தப் பதில் மிகவும் வசதியாக இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. உக்ரேனியர் இத்தனை லட்சம், பெலாரஸ்யர் இத்தனை லட்சம் என்று கணக்கு வந்தால், அவர்கள் பள்ளிக்கூடம் கேட்பார்கள், உரிமை கேட்பார்கள். எல்லைக்கு அப்பால் இருந்த சோவியத் நாடும் சொந்தம் கொண்டாடும். ‘ஊர்க்காரர்’ எந்த நாட்டோடும் சேர்ந்தவர் அல்ல. அவரை நாளைக்குப் போலந்துக்காரர் ஆக்கிவிடலாம் என்று அதிகாரிகள் நம்பினார்கள். 1931-ம் ஆண்டின் மொழிக் கணக்கைச் சரித்திர ஆசிரியர்கள் சந்தேகத்துடன் பார்ப்பதற்கு இதுவே காரணம்.

அந்தக் கணக்கிலேயே ஒரு தடயம் இருக்கிறது. போலிஷ் மொழி பேசுகிறவர்கள் 1,64,106 பேர் என்று கண்டிருக்கிறது. அந்நாளில் போலந்துக்காரர் என்றால் அநேகமாக ரோமன் கத்தோலிக்கர். ஆனால் மாகாணத்திலிருந்த ரோமன் கத்தோலிக்கர் சுமார் 1,25,000 பேர்தான்! மக்களில் முக்கால் பங்குக்கு மேற்பட்டவர்கள் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள்.

1932 முதல் 1939 வரை மாகாணத் தலைவராக இருந்தவர் வாத்ஸ்வாவ் கோஸ்தெக்-பியெர்நாட்ஸ்கி. மக்களைப் போலந்து மயமாக்குவதில் அவர் கண்டிப்பானவர். அந்த மாகாணத்தில் இருந்த பெரேஸா கார்த்துஸ்கா என்ற ஊரில்தான் 1934-ல் சிறை முகாம் ஒன்று திறக்கப்பட்டது. வழக்கு விசாரணை இல்லாமலே அங்கே ஆட்களை அடைத்தார்கள்.

தெளிவாகப் பதில் சொன்னவர்கள்

நகரங்களின் கதை வேறு. பின்ஸ்க் நகரின் ஜனத்தொகை 1931-ல் சுமார் 32,000. அதில் சுமார் 20,000 பேர் யூதர்கள். கடை, தச்சுப் பட்டறை, தீப்பெட்டித் தொழில், ஆற்று வழி வியாபாரம் எல்லாவற்றிலும் அவர்கள் இருந்தார்கள். மாகாணம் முழுவதும் யூதர்கள் சுமார் 1,14,000 பேர். ஏறக்குறைய அவ்வளவு பேருமே தாய்மொழி யிட்டிஷ் அல்லது ஹீப்ரு என்று பதிவாகியிருந்தார்கள். அவர்கள் பதிலில் தயக்கம் இல்லை.

இஸ்ரேலின் முதல் ஜனாதிபதி ஹைம் வைஸ்மன் பின்ஸ்க் பக்கத்து மோத்தல் கிராமத்தில் 1874-ல் பிறந்தவர். பிரதமராக இருந்த மெனாஹெம் பெகின் பிரெஸ்டில் 1913-ல் பிறந்தார். மற்றொரு பிரதமரான கோல்டா மேயர் சிறுமியாகப் பின்ஸ்கில் வாழ்ந்தவர்.

போலந்துக்காரர்களில் பலர் அதிகாரிகள், ஆசிரியர்கள், நிலம் பெற்றுக் குடியேறிய முன்னாள் சிப்பாய்கள். பள்ளி ஆசிரியத் தம்பதிக்கு 1932-ல் பின்ஸ்கில் பிறந்த ரிஷார்ட் கபூஷ்சின்ஸ்கி பின்னால் உலகப் புகழ் பெற்ற பத்திரிகையாளரானார். 1956-ல் முதல் வெளிநாட்டுப் பயணமாக அவர் வந்தது இந்தியாவுக்குத்தான்.

கோடுகள் ஓடின, மக்கள் நின்றார்கள்

1939-ம் ஆண்டு செப்டம்பர் 17-ந் தேதி சோவியத் படை கிழக்கிலிருந்து நுழைந்தது. மாகாணம் என்ற பெயரே மறைந்தது. பிரெஸ்டும் பின்ஸ்கும் சோவியத் பெலாரஸில் சேர்ந்தன. காமின் கொஷிர்ஸ்கி சோவியத் உக்ரேனில் சேர்ந்தது. ‘ஊர்க்காரர்’ என்ற பத்தியும் போயிற்று. கோட்டுக்கு வடக்கே இருந்தவர் பெலாரஸ்யர் ஆனார். தெற்கே இருந்தவர் உக்ரேனியர் ஆனார். சிப்பாய்க் குடியேறிகளை 1940-ம் ஆண்டு பிப்ரவரிக் குளிரில், குடும்பத்தோடு ரயிலேற்றிச் சோவியத் நாட்டின் தூரப் பிரதேசங்களுக்கு அனுப்பினார்கள்.

1941-ல் ஜெர்மன் நாஜிகள் வந்தார்கள். அவர்கள் பிரெஸ்டையும் பின்ஸ்கையும் உக்ரேன் நிர்வாகத்தோடு சேர்த்தார்கள். 1944-ல் சோவியத் படை திரும்பி வந்ததும், அவை மறுபடியும் பெலாரஸ் ஆயின. ஐந்தே ஆண்டுகளுக்குள் ஒரே கிராமம் போலந்து, பெலாரஸ், உக்ரேன், மீண்டும் பெலாரஸ்!

யூதர்களை நாஜிகள் விட்டுவைக்கவில்லை. 1941 ஆகஸ்டிலேயே பின்ஸ்கில் ஆயிரக்கணக்கான யூத ஆண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மிச்சமிருந்தவர்களை ஒரு சேரியில் அடைத்தார்கள். 1942-ம் ஆண்டு அக்டோபர் கடைசியில், சில நாட்களுக்குள் அவர்களையும் கொன்று தீர்த்தார்கள். பிரெஸ்டிலும் அதே மாதம் அதே கதி. ‘யார்?’ என்ற கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொன்ன சமூகம் அந்த மண்ணிலிருந்து துடைக்கப்பட்டது.

யுத்தம் முடிந்தபோது எல்லை ‘கர்ஸான் கோடு’ என்று சொல்லப்பட்ட கோட்டை ஒட்டி அமைந்தது. 1920-ல் பிரிட்டிஷ் வெளிநாட்டு மந்திரியாக இருந்த கர்ஸான் பிரபுவின் பெயர் அது. இந்தியாவில் வைஸ்ராயாக இருந்து, 1905-ல் வங்காளத்தைப் பிரித்த அதே கர்ஸான்தான்! பொலேசியே போலந்துக்கு இல்லை என்று ஆயிற்று. போலந்துக்காரர்களில் பெரும்பாலோர் மூட்டை கட்டிக்கொண்டு மேற்கே போனார்கள்.

இன்று என்ன நிலை?

பழைய மாகாணத்தின் பெரும் பகுதி இன்று பெலாரஸின் பிரெஸ்ட் மாநிலத்தில் இருக்கிறது. அங்கே பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெலாரஸ்யர் என்று கணக்கு சொல்கிறது. யூதர்கள் மிகச் சொற்பம். சதுப்பு நிலத்தின் பெரும் பகுதியைச் சோவியத் காலத்தில் வடித்து வயலாக்கிவிட்டார்கள். 1980-களின் கடைசியில் சிலர் இந்தப் பேச்சுக்கு எழுத்து வடிவம் கொடுத்துப் பத்திரிகையும் நடத்தினார்கள். அந்த முயற்சி நிலைக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், கேள்வி இன்றும் குழப்பத்தான் செய்கிறது. 2019-ம் ஆண்டுக் கணக்கில், பெலாரஸ் மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தாய்மொழி பெலாரஸ்ய மொழி என்றார்கள். வீட்டில் அதைப் பேசுவதாகச் சொன்னவர்களோ ஏறக்குறையக் கால்பங்குதான். மற்றவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது ரஷ்ய மொழி. அதனால் அவர்கள் ரஷ்யர் ஆகிவிடுவார்களா? உக்ரேனிலும் ரஷ்ய மொழி பேசும் எத்தனையோ பேர் ரஷ்யாவை எதிர்த்துப் போர்முனையில் நின்றார்கள்.

ஜனத்தொகைக் கணக்கு அவசியம். எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை ஆஸ்பத்திரி என்று திட்டம் போட அது வேண்டும். ஆனால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு, “இந்த மண் எங்களுக்கு, இந்த ஆள் எங்கள் ஆள்” என்று சொல்லத் தொடங்கும்போதுதான் ஆபத்து வருகிறது.

அன்று கேள்வி கேட்ட அரசாங்கம் இல்லை. அதை விரட்டிய அரசாங்கமும் இல்லை. அந்தக் குடியானவரின் பேரப்பிள்ளைகள் அதே ஆற்றங்கரையில் இருக்கிறார்கள். அதிகாரிகள் அறியாமை என்று நினைத்த அந்தப் பதில், மற்ற எல்லாக் கணக்கையும்விட அதிக நாள் நிலைத்துவிட்டது.