சுண்டெலி எனப்படும் பாடகர்

கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையிலிருந்து பங்குனி, சித்திரையில் கடலைப் பார்த்தால், அதிர்ஷ்டமுள்ள நாளில் நீலத் திமிங்கிலம் நீர் பீச்சுவது தெரியும். உலகின் மிகப் பெரிய இந்த உயிர் பாடவும் செய்யும். 100 ஹெர்ட்ஸைச் சற்றுத் தாண்டிய நீண்ட தொனியில் முடியும் அதன் பாட்டை 1980களில் திருகோணமலைக் கடலில் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். இன்று அதற்கு ‘இலங்கை வகை’ என்றே பெயர். ஆனால் 1758இல் லின்னேயஸ் அந்த உயிருக்கு வைத்த பெயரில் உள்ள ‘மஸ்குலஸ்’ லத்தீனில் சுண்டெலியைக் குறிக்கும். தசை என்றும் பொருள் உண்டு; பகிடியை விட மனமில்லாதவர்கள் சுண்டெலியையே பிடித்துக்கொள்கிறார்கள்.

மனிதப் பாடகர்களுக்கு யோகம் கூட. இத்தாலிய ஆய்வாளர் ஃபெர்டினாண்டோ பொயெரோ, ஃபிராங்க் ஸப்பாவை நேரில் காணும் ஆசையில் 1987இல் ஒரு ஜெல்லி மீனுக்கு ‘ஸப்பாய்’ என்று பெயரிட்டார். ஆசையும் நிறைவேறியது. டேவிட் போவிக்கு 2008இல் ஒரு மலேசியச் சிலந்தி கிடைத்தது. இவற்றை வெறும் விளம்பரம் என்று தள்ளிவிடலாம்தான். ஃபிரெடி மெர்குரியின் கதை அப்படியல்ல. பார்சிக் குடும்பத்தில் சான்சிபாரில் பிறந்த அவரது பெயரை, அதே சான்சிபார் கடலில் கிடைத்த ஒரு சிறிய ஓட்டுயிர் 2004 முதல் சுமக்கிறது. ஊரும் பெயரும் ஒட்டிக்கொண்டன.

திருகோணமலைக்கு அந்த ஒட்டு வாய்க்கவில்லை. சுவாமி மலையடியில் 1956இல் சுழியோடிய எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் பெயர் 2003இல் ஓர் ஆஸ்திரேலிய டைனோசருக்குப் போனது. அதன் பேரினப் பெயரில் இலங்கையின் பழம்பெயரான ‘செரண்டிப்’ மட்டும் எட்டிப் பார்க்கிறது. சென்னையின் மசூலாப் படகுகளுக்கு மரம் தந்த சவண்டலையை வணிகர்கள் திருகோணமலை மரம் என்றார்கள். தாவரவியலோ சென்னை மருத்துவர் ஆண்ட்ரூ பெர்ரியின் பெயரால் அதை ‘பெர்ரியா’ ஆக்கியது.

பெயரிடல் அப்பாவித்தனமான வேலையுமல்ல. இலங்கையில் 2019இல் விவரிக்கப்பட்ட இரு பல்லியினங்கள் சிங்கள மன்னன் துட்டகைமுனுவின் வீரர்களான நந்திமித்திரன், கோட்டயிம்பரன் பெயர்களைத் தாங்குகின்றன. பெயர்ப்பலகைக்கே வழக்காடும் ஒரு நாட்டில் இதைக் கேட்டுக் காது குடையத் தோன்றலாம். ஆனால் அது விதிப்படி சரி. புதிய உயிரை முறையாக விவரித்து வெளியிடுபவருக்கே பெயர் வைக்கும் உரிமை; ரசிகர் மன்றத்துக்கோ அமைச்சுக்கோ அதில் வாக்கில்லை. எதிர்க்கரையில் மண்டபத்து மணலில் கண்ட நுண்ணுயிருக்கு 2021இல் அப்துல் கலாம் பெயர் வந்ததும் அந்த உரிமையால்தான்.

ஆகவே நம் கலைஞர்கள் பெயர் ஏன் இல்லை என்று கேட்பதற்கு முன், நுண்நோக்கியின் முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பனாமாவில் கிடைத்த, கொடுக்கைச் சொடுக்கிப் பேரொலி எழுப்பும் இறாலுக்கு 2017இல் பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் பெயர் கிடைத்தது. நிலாவெளிக்கு அப்பால் புறாத்தீவின் பவளப்பாறையில் அப்படியொரு புதிய சொடுக்கிறால் அகப்பட்டால், தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியைவிடப் பொருத்தமான பெயர் ஏது? அதற்கு யாராவது அதன் கொடுக்கை அளந்து, முட்களை எண்ணி, அருங்காட்சியகச் சேகரிப்புகளோடு ஒப்பிட்டுக் கட்டுரை எழுத வேண்டும். கோணேசபுரியில் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. கடலோ கூப்பிடு தூரத்தில்.

கரைவலை இழுத்த காலையில் விலைபோகாத பொடி உயிர்களை மணலில் உதறிவிட்டுப் போகிறார்கள். இப்போதைக்கு அவற்றைத் தரம் பிரிப்பவை காகங்கள்.