கோபுரத்தில் இல்லாத அலுவலர்

கோழிக்கோடு விமான விபத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே இரண்டு விடைகள் ஆயத்தமாக வந்து நிற்கின்றன: விமானியின் தவறு, 'டேபிள்டாப்' ஓடுபாதை. விமானி நடைமுறைகளை மீறியதையே விசாரணை அறிக்கை முதன்மைக் காரணமாகச் சொல்கிறது; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வரியோடு அறிக்கையை மூடிவைத்தவர்கள், வானிலைச் சேவை குறித்து அதே அறிக்கை சொல்வதைப் படித்தார்களா என்பதே என் ஐயம்.

2020 ஆகஸ்ட் 7 இரவு. துபாயிலிருந்து 190 பேருடன் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், மழையில், பின்னிருந்து வீசிய காற்றோடு பத்தாம் எண் ஓடுபாதையில் இறங்கி, முனையைக் கடந்து பள்ளத்தில் வீழ்ந்தது. 21 பேர் மாண்டனர். விமானிகள் இருவரும் அவர்களுள் அடக்கம். அவ்வேளையில் இரண்டு வானிலை எச்சரிக்கைகள் நடப்பில் இருந்தன. அத்தகைய நேரத்தில் வானிலை அலுவலர் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தாக வேண்டும். அவர் அங்கில்லை. அந்த ஓடுபாதைக்குரிய காற்றுமானி விதிப்படி நிறுவப்படவில்லை; அடிக்கடி பழுதும் ஆனது. 2021இல் வெளியான அறிக்கை இவற்றைத் துணைக்காரணங்களுள் சேர்க்கிறது.

எச்சரித்தல் என்பது ஒரு பேச்சுச்செயல் என்று மொழியியலில் பாலபாடமாகவே படிக்கிறோம். வாக்கியத்தை எழுதி அனுப்பியதும் அது நிறைவேறிவிடாது. கேட்க வேண்டியவர் உரிய கணத்தில் அதனை எச்சரிக்கையாகப் பெற்றாக வேண்டும். நம் வானிலை நிர்வாகமோ எச்சரிக்கையை ஓர் ஆவணமாகவே கருதுகிறது. வெளியிட்டாயிற்று, பதிவேட்டில் ஏறிற்று, கடமை தீர்ந்தது!

பன்னாட்டு வான்பயணத்துக்கான வானிலைச் சேவையை வரையறுப்பது சிகாகோ உடன்படிக்கையின் மூன்றாம் இணைப்பு. மெட்டார், டாஃப், சிக்மெட் என ஒவ்வொரு செய்தியின் வடிவத்தையும் விபத்து நடந்த காலத்தில் அது எழுத்தெண்ணி வகுத்திருந்தது. தர மேலாண்மை முறையையும் கேட்கிறது. வேண்டியவைதாம். ஆயினும் மெட்டார் அரைமணிக்கு ஒருமுறை எடுக்கும் படம். பருவமழைக் காற்று அரைமணி காத்திருப்பதில்லை. இடைப்பட்ட நிமிடங்களில் காற்று திசைமாறுவதைக் கண்டு, பக்கத்திலிருக்கும் கட்டுப்பாட்டாளரிடம் வாய்திறந்து சொல்வதற்கே கோபுரத்தில் ஓர் ஆள் வேண்டும் என்கிறோம். (தரச்சான்றிதழை எத்தனை அழகாகச் சட்டமிட்டு மாட்டினாலும் அது வாய்திறக்காது.)

தானியங்கிக் கருவிகள் வந்தபின் ஆள் எதற்கு என்று கேட்போர் உண்டு. கரிப்பூரில் பிழைபட்டதே கருவிதான். கருவி காட்டும் எண்ணை ஐயுறுவதற்கும், சன்னல் வழியே மழையைப் பார்த்து அதனைச் சரிபார்ப்பதற்கும் பயிற்சி பெற்ற கண்கள் இருந்தாக வேண்டும்.

இன்னொரு சிக்கல் நிர்வாகத்தினது. வானிலை ஆய்வுத் துறை புவி அறிவியல் அமைச்சகத்தின்கீழ் இருக்கிறது. கோபுரத்தை நடத்தும் விமான நிலைய ஆணையமோ சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின்கீழ். அந்த அலுவலர் இல்லாததை அன்றிரவே யார், யாரிடம் கேட்டிருக்க வேண்டும்? இறந்துபோன விமானியிடம் எல்லாப் பழியையும் ஒப்படைத்துவிட்டால் இக்கேள்விக்கு எவரும் விடைகூற வேண்டியதில்லை.

நாம் கேட்க வேண்டியவை எளியவை. ஒவ்வொரு விமான நிலையத்திலும் காற்றுமானிகள் எத்தனை மணிநேரம் பழுதாகிக் கிடந்தன, எச்சரிக்கை நடப்பிலிருந்த வேளைகளில் கோபுரத்தில் வானிலை அலுவலர் இருந்தாரா என்னும் இவ்விரண்டு விவரங்களையும் மாதந்தோறும் பொதுவெளியில் வெளியிடட்டும்.