சரிவு எந்தப் பக்கம்?

வீட்டு வேலை முடிந்து நாலு மூட்டை சிமென்ட் மிஞ்சினால் மேஸ்திரிக்குக் கை அரிக்கும். 'வீட்டைச் சுத்தி நடைபாதை போட்டுடலாம் சார், சேறு மிதிக்க வேணாம் பாருங்க' என்பார். போடலாம். ஆனால், சரிவு எந்தப் பக்கம் என்று கேட்டீர்களா?

2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் கொட்டிய மழை சுமார் 46 செ.மீ. இங்கேதான் நம் பி.காம். மூளை விழித்துக்கொள்கிறது. ஒரு மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளப் பாதை என்றால், அதன் தலையில் மட்டும் 9,200 லிட்டர். ஒரு தண்ணீர் லாரி! மண்ணாக இருந்தால் கொஞ்சமாவது குடிக்கும். கான்கிரீட் பச்சைத் தண்ணி பல்லில் படாத விரதக்காரன். சரிவு உள்பக்கம் என்றால் லாரி நேரே ஹாலுக்குத்தான்.

ஆகவே, சுவரை விட்டு விலகி 50-க்கு 1 சரிவு. மூன்றடிப் பாதைக்கு முக்கால் அங்குலம் போதும். கனம் நாலு அங்குலம், கலவை 1:2:4. நாலைந்து அடிக்கு ஒரு இடைவெளி விடுங்கள். நீங்கள் விடாவிட்டால் கான்கிரீட்டே தன் இஷ்டத்துக்கு விரிசல் விட்டுக்கொள்ளும். ஒரு வாரமாவது ஈரச் சாக்கு போர்த்துங்கள்.

முக்கியமாக, ஓரத்தில் மண்ணை விட்டு வையுங்கள். ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்த ஆசிரம விடுதி 'கோல்கொண்டே' 1930-களில் எழ ஆரம்பித்த கான்கிரீட் கட்டடம். அதற்கே இரு பக்கமும் தோட்டம் உண்டு.

பக்கத்து வீட்டுப் பக்கம் மட்டும் சரிவைத் திருப்பாதீர்கள். தண்ணீர் இரண்டு நாளில் வடிந்துவிடும். பேச்சுவார்த்தை நின்றது நின்றதுதான்!